அப்பா மகளுக்கு எழுதின கடைமுறியும், கம்பெனி கம்பெனிக்கு மாத்தின பங்கும்



இன்னைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். ஷேர், கம்பெனி, வரின்னு வரும். "இது நமக்கு எதுக்கு"ன்னு தள்ளி விட்டுட்டுப் போயிடாதீங்க. தமிழ்நாட்டில் ஒரு கோடி ரூபாய் நிலம் கைமாறும்போது ஒருத்தர் அரசாங்கத்துக்கு 9 லட்சம் கட்டிட்டுப் பத்திரம் வாங்குறார். இன்னொருத்தர் அதே ஒரு கோடிக்கு 1,500 ரூபாய் கட்டிட்டு அதே மாதிரி நிலத்துக்கு முதலாளி ஆகிறார். ரெண்டு பேரும் திருடல்ல. ரெண்டும் சட்டப்படிதான். அது எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா முதல்ல நம்ம வீட்டுக் கணக்கைப் பார்க்கணும்.

மார்த்தாண்டத்தில் ஒரு அப்பாவுக்கு ஒரு கடைமுறி இருக்குன்னு வச்சுக்குங்க. ரொம்ப வருஷம் முன்னாடி 10 லட்சத்துக்கு வாங்கினது. இன்னைக்கு 80 லட்சம் போகும். அதை மகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். விலை 70 லட்சம் ஏறியிருக்கே, அதுக்கு வருமான வரி உண்டா? கிடையாது. கொடுத்த அப்பாவுக்கும் கிடையாது, வாங்கின மகளுக்கும் கிடையாது. ஒரு பைசா கூட யார் கைக்கும் வரல்ல, அப்புறம் எதை வச்சு வரி கட்ட? சொத்து அதே வீட்டுக்குள்ளதான் இருக்கு.

ஆனா வரி தள்ளுபடி ஆயிட்டுன்னு நினைச்சிடாதீங்க. சட்டம் அந்தப் பழைய 10 லட்சத்தை ஞாபகம் வச்சிருக்கும். நாளைக்கு மகள் அந்தக் கடைமுறியை வெளி ஆளுக்கு 90 லட்சத்துக்கு வித்தா, "எனக்குச் சும்மா வந்தது, 80 லட்சம் மதிப்பில் வந்தது"ன்னு சொல்ல முடியாது. அப்பா வாங்கின விலைதான் அவங்களுக்கும் வாங்கின விலை. லாபம் 80 லட்சம்னு கணக்கு வரும். சொத்து வீட்டுப் படியைத் தாண்டும்போது வரி வந்து நிற்கும்.

இது நியாயம்னு நம்ம எல்லாருக்கும் தோணுது இல்லையா? இதே நியாயத்தைத்தான் வருமான வரிச் சட்டம் கம்பெனிகளுக்கும் கொடுத்திருக்கு.

தாய்க் கம்பெனி ஒண்ணு. அதுக்கு முழுசா சொந்தமான துணைக் கம்பெனி ஒண்ணு. தாய்க் கம்பெனி தன்கிட்ட இருக்கிற பங்குகளையோ நிலத்தையோ கட்டடத்தையோ அந்தத் துணைக் கம்பெனிக்கு மாத்தினா, அதைச் சட்டம் 'கைமாற்றம்' என்றே எடுத்துக்காது. துணைக் கம்பெனி தாய்க்கு மாத்தினாலும் அப்படியே. 1961-ம் வருஷச் சட்டத்தில் 47-ம் பிரிவு இதைச் சொல்லுது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும்படி போட்ட புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கு, விஷயம் மாறல்ல.

கணக்கில் பாருங்க. தாய்க் கம்பெனி 1 கோடிக்கு வாங்கின பங்கு இப்ப 10 கோடி. அதைத் துணைக் கம்பெனிக்கு மாத்துது. வரி இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு துணைக் கம்பெனி அதை வெளியில் 12 கோடிக்கு விக்குது. இப்ப லாபம் 2 கோடி இல்லை, 11 கோடி. நீண்ட கால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம்னா 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம், சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. தள்ளி வச்ச வரி அப்படியே வந்து சேர்ந்திட்டு.

"பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் சலுகையா"ன்னு மேடையில் கேட்டா கைதட்டு கிடைக்கும். ஆனா அது சரியில்லை. ஒரே முதலாளி வலது சட்டைப் பையிலிருந்து இடது பைக்கு மாத்தின பணத்துக்கு வரி கேட்கக் கூடாது. இந்தச் சலுகை இருக்க வேண்டிய சலுகை. அதை எடுத்துடணும்னு சொல்றவங்க, அப்பா மகளுக்கு எழுதிக் கொடுத்ததுக்கும் வரி கேட்கணும்னு சொல்லத் தயாரா?

சண்டை சலுகையில் இல்லை, அதோட வேலியில்தான்.

வேலி எங்க இருக்குன்னு பாருங்க. துணைக் கம்பெனியோட பங்கு நூத்துக்கு நூறு தாய்கிட்ட இருக்கணும். 99 இருந்தா பத்தாது. பிரைவேட் லிமிடெட்னா ரெண்டு பங்குதாரராவது வேணும்ங்கிறதால ஒரு பங்கை வேறொருத்தர் பேரில் போடுவாங்க. அவர் தாய்க் கம்பெனிக்காகப் பேருக்கு வச்சிருக்கிறவரா இருந்தா பரவாயில்லை. அடுத்தது, வாங்குற கம்பெனி இந்தியக் கம்பெனியா இருக்கணும். தாயிலிருந்து பிள்ளைக்குப் போனா பிள்ளை இந்தியக் கம்பெனி, பிள்ளையிலிருந்து தாய்க்குப் போனா தாய் இந்தியக் கம்பெனி. சொத்து நாட்டுக்குள்ளயே நிற்கணும், அப்பதான் நாளைக்கு வரியைப் பிடிக்க முடியும்.

இன்னும் ஒண்ணு, இதுதான் முக்கியம்: 8 வருஷம். மாத்தின நாளிலிருந்து 8 வருஷத்துக்குள்ள தாய்க் கம்பெனி துணைக் கம்பெனியில் ஒரு பங்கையாவது வெளி ஆளுக்குக் கொடுத்து அந்த நூறு சதவீதம் உடைஞ்சா, அன்னைக்குக் கொடுத்த சலுகை ரத்து. மாத்தின வருஷத்துக்கே திரும்பப் போய் வரி போடுவாங்க. மாத்தின சொத்தைத் துணைக் கம்பெனி வியாபாரச் சரக்கா மாத்தினாலும் இதே கதி. "வீட்டுக்குள்ள மாத்துறேன்னு சொன்னே, இப்ப வீட்டையே பாதி வித்துட்டியே"ன்னு கேட்கிறது மாதிரி.

இது நம்ம ஊர்க்காரங்களுக்கும் தேவைப்படும். முந்திரி ஆபீஸ், ரப்பர் ஷீட் வியாபாரம், செங்கல் சூளை, கட்டுமானம்னு ரெண்டு மூணு பிரைவேட் லிமிடெட் வச்சிருக்கிற குடும்பங்கள் நம்ம பக்கம் உண்டு. அண்ணன் பேரில் ஒரு கம்பெனி, தம்பி பேரில் ஒரு கம்பெனி இருந்தா அது தாயும் பிள்ளையும் ஆகாது. ஒரு கம்பெனியின் பங்கை இன்னொரு கம்பெனி வச்சிருக்கணும், அதுவும் முழுசா. எல்.எல்.பி.யா பதிஞ்சிருந்தா இந்தப் பிரிவு அதுக்குப் பொருந்தாது, அது பங்கு மூலதனம் உள்ள கம்பெனியே இல்லை. "நம்ம கம்பெனிதானே, நம்ம கம்பெனிக்கு மாத்துறோம்"ன்னு நினைச்சு எழுதிட்டு, மூணு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வந்த பிறகு ஆடிட்டரைத் தேடி ஓடாதீங்க. எழுதுறதுக்கு முன்னாடி ஓடுங்க.

இனி, வேலியைத் தாண்டப் பார்த்த கதை ஒண்ணு. நம்ம தமிழ்நாட்டுக் கம்பெனி கதைதான்.

ரெடிங்டன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். கம்ப்யூட்டர், போன் மாதிரி சாமான்களை மொத்தமா வாங்கி நாடு முழுக்க விநியோகம் செய்றவங்க. அவங்களுக்கு துபாயில் ரெடிங்டன் கல்ஃப்னு முழுசா சொந்தமான ஒரு துணைக் கம்பெனி இருந்தது. 2008-ல் மொரீஷியஸில் ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதுக்குக் கீழே கேமன் தீவில் இன்னொரு கம்பெனி. அந்த வருஷம் நவம்பரில் துபாய்க் கம்பெனியின் பங்குகள் முழுசையும் கேமன் கம்பெனிக்கு மாத்தினாங்க. விலை? ஒண்ணும் இல்லை. 'தானம்'னு சொல்லி மாத்தினாங்க.

ஏன் தானம்? தாய்-பிள்ளை சலுகை அவங்களுக்குக் கிடைக்காது. கேமன் கம்பெனி இந்தியக் கம்பெனி இல்லையே! வேலியில் அந்தப் பக்கம் வழி அடைச்சிருக்கு. ஆனா அதே 47-ம் பிரிவில் இன்னொரு வரி இருந்தது: தானமாகவோ உயில் மூலமாகவோ கொடுக்கிற சொத்தும் கைமாற்றம் ஆகாது. அப்பா மகளுக்குக் கொடுக்கிறாரே, அந்த வரிதான். அது மனுஷங்களுக்கு மட்டும்னு அப்ப சட்டத்தில் எழுதியிருக்கல்ல. கம்பெனியும் தானம் கொடுக்கலாம்னு வாதாட இடம் இருந்தது.

கொடுத்த அதே மாசம், இன்வெஸ்ட்கார்ப்னு ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் அந்தக் கேமன் கம்பெனியில் பணம் போட்டுப் பங்குதாரர் ஆச்சு. இப்ப சொல்லுங்க. மகளுக்குத் தானமா எழுதின கடைமுறியில் அந்த வாரமே வெளியூர் பார்ட்டி பங்குக்கு வந்து உட்கார்ந்தா, அது தானமா, விற்பனைக்குப் போட்ட அடித்தளமா?

வருமான வரித்துறை இதைத் தானம்னு ஒத்துக்கல்ல. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கம்பெனியின் பக்கம் நின்னது. துறை சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போச்சு. 2020 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் என்ன பார்த்தது? தானம்னா யாரும் சொல்லாம, எதையும் எதிர்பார்க்காம, தானா மனசு வந்து கொடுக்கிறது. இங்க முதலீட்டாளரை உள்ளே கொண்டு வர்றதுக்காகவே மொரீஷியஸ், கேமன்னு அடுக்கடுக்கா திட்டம் போட்டிருக்காங்க. அது கம்பெனியை மறுசீரமைச்ச ஏற்பாடுதான், தானம் ஆகாதுன்னு சொல்லிட்டு. துறை ஜெயிச்சது.

அதுக்குப் பிறகு 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரியையே திருத்தினாங்க. இனிமே தானம், உயில்ங்கிற விலக்கு தனி மனிதருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். கம்பெனி தானம் கொடுத்தேன்னு சொல்ல முடியாது. 2008-ல் பார்த்த ஓட்டையை 2024-ல் அடைச்சிருக்காங்க. 16 வருஷம்! நம்ம பக்கம் சானலில் உடைப்பு எடுத்தா பி.டபிள்யூ.டி. கூட இதைவிட சீக்கிரம் வரும். ஆனா ஒரு விஷயத்துக்காகப் பாராட்டணும். அடைச்சதை இனி வர்றதுக்குத்தான் அடைச்சாங்க, பின்னாடி போய் அடைக்கல்ல. அது ஏன் பெரிய விஷயம்னு அடுத்த கதையில் தெரியும்.

கெய்ர்ன் கதை. பேப்பரில் படிச்சிருப்பீங்க. ஆனா அது அடிப்படையில் ஒரு தாய்க் கம்பெனி-துணைக் கம்பெனி பங்கு மாற்றம்தான்ங்கிறதை யாரும் பெருசா சொல்லல்ல.

கெய்ர்ன் எனர்ஜி ஸ்காட்லாந்துக் கம்பெனி. 2004-ல் ராஜஸ்தானில் மங்களா எண்ணெய் வயலைக் கண்டுபிடிச்சவங்க. அவங்களோட இந்திய வியாபாரம் பல வெளிநாட்டுத் துணைக் கம்பெனிகள் பேரில் சிதறிக் கிடந்தது. 2006-ல் அதையெல்லாம் ஒண்ணாக்கினாங்க. முதல்ல பிரிட்டனில் உள்ள கெய்ர்ன் யூ.கே. ஹோல்டிங்ஸ். பிறகு ஜெர்சி தீவில் கெய்ர்ன் இந்தியா ஹோல்டிங்ஸ். கடைசியில் அந்த ஜெர்சிக் கம்பெனியின் பங்குகளை புதுசா ஆரம்பிச்ச கெய்ர்ன் இந்தியா லிமிடெட்டுக்கு மாத்தினாங்க, கொஞ்சம் பணத்துக்கு, கொஞ்சம் பங்குக்கு. உடனே பொதுமக்களுக்குப் பங்கு வித்தாங்க. 2007 ஜனவரியில் கெய்ர்ன் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்திட்டு.

"எல்லாம் எங்க குடும்பத்துக்குள்ள நடந்த மாற்றம், விற்கப்பட்டது வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கு, இந்தியாவுக்கு என்ன வரி?"ன்னு அவங்க நின்னாங்க. அன்னைக்கு இருந்த சட்டத்தில் அப்படிச் சொல்ல இடம் இருந்தது.

அதே சமயம் வோடஃபோன் வழக்கும் ஓடிட்டிருந்தது. 2007-ல் ஹட்சிசன் கிட்டேயிருந்து கேமன் தீவுக் கம்பெனி ஒண்ணின் பங்கை வாங்கினதன் மூலமா இங்கே உள்ள ஹட்ச் போன் கம்பெனியில் பெரும்பங்கை வோடஃபோன் பிடிச்சது. இந்தியாவில் ஒரு பேப்பர் கூட கைமாறல்ல. உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 20-ம் தேதி, இருக்கிற சட்டப்படி இதுக்கு வரி கேட்க முடியாதுன்னு தீர்ப்பு சொன்னது.

ஓட்டை இருக்குன்னு உச்ச நீதிமன்றமே காட்டிட்டு. அரசாங்கம் என்ன செஞ்சிருக்கணும்? இனிமே இப்படி மாத்தினா வரி உண்டுன்னு சட்டம் போட்டிருக்கணும். அன்னைக்கு நிதியமைச்சரா இருந்த பிரணாப் முகர்ஜி போட்ட 2012 நிதிச் சட்டம் வேறு மாதிரி செஞ்சது. இந்தியச் சொத்திலிருந்து பெரும்பகுதி மதிப்பு வர்ற வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கு கைமாறினா இங்கே வரி உண்டு, அதுவும் 1962 ஏப்ரல் 1-லிருந்தே உண்டுன்னு எழுதிட்டாங்க. ஐம்பது வருஷம் பின்னாடி!

அதை வச்சு 2014 ஜனவரியில் கெய்ர்னுக்கு நோட்டீஸ். அவங்ககிட்ட மீதி இருந்த கெய்ர்ன் இந்தியா பங்கை முடக்கினாங்க. அடுத்து வந்த ஆட்சி அதை நிறுத்தல்ல. 2015-ல் 10,247 கோடி ரூபாய் வரிக் கணக்கு. அதுக்கு மேலே வட்டி. முடக்கின பங்குகளை வித்துப் பணத்தை எடுத்துக்கிட்டாங்க. டிவிடெண்டும் போச்சு. 2017-ல் டெல்லி தீர்ப்பாயம் வரியை ஒத்துக்கிட்டது, ஆனா வட்டி போட முடியாதுன்னு சொன்னது. 2006-ல் இல்லாத சட்டத்துக்கு 2006-லேயே எப்படி முன்கூட்டி வரி கட்டியிருக்க முடியும்? சின்னப் பிள்ளைக்கும் புரியுற நியாயம்.

2020 டிசம்பரில் சர்வதேச நடுவர் மன்றம் இந்தியாவுக்கு எதிராத் தீர்ப்பு சொன்னது: 120 கோடி டாலர், வட்டி, செலவு தனி. அதை வசூலிக்க கெய்ர்ன் நாடு நாடா கோர்ட்டுக்குப் போச்சு. 2021 ஜூலையில் பாரிஸ் நகரத்தில் நம்ம அரசாங்கத்துக்குச் சொந்தமான இருபது சொத்துகளை முடக்க உத்தரவு வாங்கிட்டாங்க. அடுத்த மாசமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2012 மே 28-க்கு முன்னாடி நடந்த மாற்றங்களுக்குப் போட்ட வரியை எல்லாம் கைவிட்டது. வழக்குகளை வாபஸ் வாங்கினா, வட்டி இல்லாம பணம் திரும்ப. 2022 பிப்ரவரியில் 7,900 கோடி ரூபாய் கெய்ர்னுக்குத் திரும்பிப் போச்சு.

சட்டம் போட்டது ஒரு ஆட்சி, வசூல் செஞ்சது அடுத்த ஆட்சி, திருப்பிக் கொடுத்ததும் அதே ஆட்சி. யாரும் யாரையும் கைகாட்ட முடியாது.

இதில் நான் சொல்ல வர்றது வேறு. கெய்ர்ன் மேலே எனக்குப் பரிதாபம் ஒண்ணும் கிடையாது. "வீட்டுக்குள்ள மாத்தினோம்"ன்னு சொன்னவங்க சில மாசத்திலேயே பொதுமக்களுக்குப் பங்கு வித்தாங்க. இந்தியத் தாய்-பிள்ளை கம்பெனிக்கு நம்ம சட்டம் போடுற அந்த 8 வருஷ அளவுகோலை வச்சுப் பார்த்தா, வீட்டுக்குள்ளங்கிற நியாயம் நிற்காது. ராஜஸ்தான் மண்ணுக்குள்ள இருக்கிற எண்ணெய்யோட மதிப்பு ஜெர்சி தீவுப் பேப்பரில் கைமாறினா, அதில் இந்தியாவுக்குப் பங்கு வரணும். கேட்டது நியாயம். கேட்ட முறைதான் நாசம். நியாயமா வர வேண்டிய வரியை, முன்கூட்டிச் சொல்லாம கேட்டு, கடைசியில் கூனிக் குறுகித் திருப்பிக் கொடுத்தோம். 2006-ல் ஒரு பத்தி எழுதத் தெரிஞ்சிருந்தா, 2022-ல் 7,900 கோடி எழுதிக் கொடுத்திருக்க வேண்டாம்.

இன்னைக்கு அந்த ஓட்டை அடைஞ்சு போச்சு. வெளிநாட்டுக் கம்பெனியின் சொத்தில் பாதிக்குக் குறையாம இந்தியாவில் இருந்து, அதோட மதிப்பு 10 கோடிக்கு மேல போனா, அந்தப் பங்கு எங்கே கைமாறினாலும் இங்கே வரி உண்டுன்னு 2015-ல் அளவு வச்சாங்க. சரி, நல்லது.

ஆனா அடைக்காத ஓட்டை இன்னும் ஒண்ணு இருக்கு. அது நம்ம ஊர் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. பதிவு தொடங்கும்போது சொன்ன 9 லட்சம், 1,500 கணக்கு இதுதான்.

தமிழ்நாட்டில் நிலம் கிரயம் எழுதினா 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். மொத்தம் 9. ஒரு கோடிக்கு 9 லட்சம். அந்த 7-ல் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வை. அதாவது ஒரு கோடி நிலம் கைமாறினா 2 லட்சம் ரூபாய் பேரூராட்சி, ஊராட்சி மாதிரி உள்ளாட்சிகளுக்காக வசூல் ஆகுது. தெரு விளக்கு, ஓடை, ரோடு எல்லாம் இந்த மாதிரிக் காசில்தான்.

இப்ப அதே நிலம் ஒரு கம்பெனி பேரில் இருக்குன்னு வைங்க. வாங்க வர்றவர் நிலத்தை வாங்கல்ல, கம்பெனியின் பங்கை வாங்குறார். பத்திரத்தில் பேர் மாறாது, பட்டாவில் பேர் மாறாது. நேத்தும் அந்தக் கம்பெனி, இன்னைக்கும் அந்தக் கம்பெனி. முதலாளி மட்டும் வேறு. பங்கு மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். 2020 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரே விகிதம். ஒரு கோடிக்கு 1,500 ரூபாய். இன்னும் கேளுங்க. அந்த 1,500-ம் வாங்குறவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்துக்குப் போகும். நிலம் நம்ம விளவங்கோடு தாலுகாவில், வாங்குறவர் மும்பையில்னா, காசு மகாராஷ்டிராவுக்கு. உள்ளாட்சிக்கு? ஒண்ணும் இல்லை.

இதில் ஏமாத்து இல்லைன்னு முதல்லேயே சொன்னேன். பங்கை வித்தவர் மூலதன ஆதாய வரி கட்டத்தான் செய்வார். வாங்கினவர் கம்பெனியின் பழைய கடனையும் கேஸையும் சேர்த்துச் சுமப்பார். நடக்குற தொழிற்சாலையோட பங்கை வாங்குறதும் இதுவும் ஒண்ணு இல்லை. ஹூண்டாய் கம்பெனியின் கொரியத் தாய் நிறுவனம் 2024 அக்டோபரில் தன் இந்தியத் துணைக் கம்பெனியின் 17.5 சதவீதப் பங்கை 27,870 கோடிக்குப் பொதுமக்களுக்கு வித்தது. அங்கே கைமாறினது காரு செய்ற ஒரு தொழிலின் பங்கு. அதுக்கு நிலத் தீர்வை கேட்டா அது முட்டாள்தனம். நான் சொல்றது, நிலத்தைத் தவிர வேறு ஒரு தொழிலும் இல்லாம, நிலத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறதுக்காகவே இருக்கிற கம்பெனிகளைப் பத்தி. பத்து சென்ட் வாங்குற கொத்தனார் 9 சதவீதம் கட்டணும், நூறு ஏக்கரைப் பேப்பரில் வாங்குறவர் 0.015 கட்டினா போதும்னா, அந்த வித்தியாசத்தை யாராவது விளக்கிச் சொல்லட்டும்.

உலகத்தில் இதுக்கு வழி இல்லாம இல்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குறிப்பிட்ட மதிப்புக்கு மேலே நிலம் வச்சிருக்கிற தனியார் கம்பெனியின் பாதிப் பங்கை ஒருத்தர் வாங்கினா, நிலத்தையே வாங்கினதாக எடுத்துக்கிட்டு நிலத் தீர்வை கேட்கிறாங்க. முன்கூட்டியே எழுதி வச்சிருக்காங்க, எல்லாருக்கும் தெரியும், யாரும் சர்வதேசக் கோர்ட்டுக்குப் போகல்ல.

நம்ம ஊரில் இதைச் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து மட்டும் செய்ய முடியாது. பங்கு மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை விகிதம் அரசியல் சட்டத்தில் மத்தியப் பட்டியல் 91-ல் வருது. டெல்லிதான் விகிதம் வைக்கணும். நஷ்டம் மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும், சாவி டெல்லி கையில். அதனால்தான் இதை எம்.எல்.ஏ. கிட்ட மட்டும் சொல்லிட்டு வீட்டுக்குப் போகாம, எம்.பி. கிட்டேயும் கேட்கணும்.

என்ன கேட்கணும்? மதிப்பில் முக்கால்வாசி நிலமா இருக்கிற, சந்தையில் பட்டியலிடாத கம்பெனியின் பாதிக்கு மேலான பங்கு வெளி ஆளுக்குப் போனா, நிலம் இருக்கிற மாநிலத்துக்கு நிலத்துக்கான தீர்வை வரணும். முக்காலா, பாதியான்னு அளவைப் பேசி முடிவு செய்யலாம். தாயும் பிள்ளையும் ஆன கம்பெனிகளுக்குள்ள மாத்துறதைத் தொடவே கூடாது. மகளுக்கு எழுதுற செட்டில்மென்ட்டுக்கு நம்ம மாநிலத்தில் கிரயத்தைவிட ரொம்பக் குறைஞ்ச தீர்வை வச்சிருக்கிற மாதிரி, இதையும் தனியா வைக்கணும். அந்த 8 வருஷ நிபந்தனையை இங்கேயும் அப்படியே எடுத்துக்கலாம், புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். எல்லாத்தையும் விட முக்கியம், சட்டம் வர்ற நாளிலிருந்துதான் செல்லணும். நேத்து வாங்கினவர்கிட்டே இன்னைக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் சரி.

டிசம்பர் ஆனா அருமனை கிறிஸ்துமஸ் விழா மேடைக்கு எல்லாக் கட்சித் தலைவர்களும் வருவாங்க. சால்வை போடுறது, போட்டோ எடுக்கிறது எல்லாம் நடக்கட்டும். மேடையை விட்டு இறங்கி வரும்போது, எந்தக் கட்சியா இருந்தாலும், எங்க கட்சியா இருந்தாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாங்க கட்டுற அந்த 2 சதவீதம், கம்பெனி பேரில் நிலம் வாங்குறவங்ககிட்டே எப்போ வசூல் ஆகும்?" கேட்டுட்டு, என்ன பதில் சொன்னாங்கன்னு இங்கே எழுதுங்க.